மாடியில் மின்சாரம் வேண்டுமா?

காவிரி ஆறு சிவனசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. 1902-ஆம் ஆண்டில் அங்கே ஒரு மின்நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. அந்த மின்சாரம் முதலில் எங்கே போனது தெரியுமா? பெங்களூருக்கு அல்ல. கோலார் தங்கவயலுக்கு. சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-இல்தான்.

அன்று முதல் மின்சாரம் என்றால் எங்கோ தூரத்தில் உண்டாவது, கம்பி வழியே நம் வீட்டுக்கு வருவது என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். இப்போது வேறு பேச்சு வந்திருக்கிறது. வீட்டு மாடியிலேயே மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். அரசாங்கம் மானியம் தருகிறது. வங்கி கடன் தருகிறது. கம்பெனி ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள்.

போடலாமா? வேண்டாமா?

இதே தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தெருவை நினைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் மேரி இருக்கிறார். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை செய்து, இரவில் வீடு திரும்புகிறவர். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை எழுத்தறிவு வகுப்புக்கும் போகிறார். இப்போது தமிழ் படிப்பார். கணக்கும் போடுவார். எதிர்வீட்டில் சரோஜா. பெரிய குடும்பம், ஒன்பது பேர். தெருக்கோடியில் சுந்தரம் தாத்தா. சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது வேலை போனது. கை மட்டும் சும்மா இருப்பதில்லை. தெருவில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் தாத்தாதான்.

வீடு தேடி வந்தவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு இளைஞர் பைக்கில் வந்தார். கையில் வழவழப்பான நோட்டீஸ்.

"அக்கா, உங்க மாடியில ஒரு கிலோவாட் சோலார் போட்டுடலாம். மொத்தம் 75,000 ரூபாய். அரசாங்கமே 30,000 ரூபாய் தரும். உங்க கைக்காசு 45,000தான். பத்தாயிரம் அட்வான்ஸ் குடுங்க. நாளைக்குள்ள பேரைச் சேர்த்தாத்தான் மானியம் கிடைக்கும்."

"எனக்குத்தான் கரண்ட் பில்லே வர்றது இல்லையேப்பா" என்றார் மேரி.

"இலவசமெல்லாம் எத்தனை நாளைக்குக்கா? எப்ப வேணாலும் நிறுத்திடுவாங்க. சோலார் இருந்தா கரண்ட் போனாலும் உங்க வீட்ல லைட் எரியும். மிச்ச கரண்ட்டை வித்துக் காசும் பார்க்கலாம்."

மேரியின் கையில் சரியாக 45,000 ரூபாய் இருந்தது. சீட்டு எடுத்த பணம். மகள் ஸ்டெல்லா பியுசி முடிக்கப் போகிறாள். நர்சிங் படிக்க ஆசை. ஜூலையில் ஃபீஸ் கட்ட வேண்டும். ஆனாலும் அந்த இளைஞர் சொன்ன ஒரு வார்த்தை மேரியின் மனதில் தைத்துவிட்டது. கரண்ட் போனாலும் லைட் எரியும். ஸ்டெல்லா படிப்பது இரவில்தான். கரண்ட் போவதும் பல நாள் அந்த நேரத்தில்தான்.

"நாளைக்குச் சொல்றேன்பா" என்று அனுப்பிவிட்டு, நோட்டீசை எடுத்துக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போனார். விஷயம் கேள்விப்பட்டு சரோஜாவும் வந்துவிட்டார். அவர் வீட்டிலும் அந்த இளைஞர் நோட்டீஸ் கொடுத்திருந்தார்.

தாத்தா நோட்டீசைப் பார்க்கவில்லை. "அது அப்புறம். முதல்ல ரெண்டு பேரும் கரண்ட் பில்லைக் கொண்டு வாங்க" என்றார். "ஒரு மாசத்து பில் போதாது. எத்தனை மாசம் இருக்கோ அத்தனையும்."

பில் சொல்லும் செய்தி

தங்கவயலில் பெஸ்காம் பில்லின் எழுத்துகள் கன்னடத்தில் இருக்கும். ஆனால் எண்களைப் படிக்க எந்த மொழியும் தடை இல்லை. போன மாத ரீடிங், இந்த மாத ரீடிங், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் நாம் செலவழித்த யூனிட்.

யூனிட் என்றால் என்ன? 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 10 வாட் எல்இடி பல்பு நூறு மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான். 2,000 வாட் கீசர் என்றால் அரை மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டைத் தின்றுவிடும்.

ஒரு மாத பில்லை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வெயில் காலத்தில் ஃபேன் ஓயாமல் சுற்றும். குளிர் காலத்தில் கீசர் ஓடும். அதனால் பன்னிரண்டு மாத யூனிட்டையும் கூட்டி, 12-ஆல் வகுக்க வேண்டும். மேரியே வகுத்தார். அவர் வீட்டுக்கு மாதம் 95 யூனிட். சரோஜா வீட்டுக்கு 290.

மேரிக்கு ஏன் பில் வருவதில்லை? கர்நாடக அரசின் கிருஹ ஜோதித் திட்டம் 2023-இல் வந்தது. 2022-23-இல் அந்த வீடு மாதம் சராசரியாக எத்தனை யூனிட் செலவழித்ததோ, அதோடு 10 சதவீதம் சேர்த்து, 200 யூனிட்டுக்குள் இருந்தால் அந்த அளவு வரை இலவசம். மேரி வீட்டுச் சராசரி 90. அதில் 10 சதவீதம் 9. ஆக 99 யூனிட் வரை காசு இல்லை. வெயில் காலத்தில் ஒரு மாதம் 108 ஆனது. அப்போது கூடுதலான 9 யூனிட்டுக்கு மட்டும் கட்டினார்.

சரோஜா வீட்டின் பழைய சராசரியே 200-க்கு மேல். அதனால் அந்தத் திட்டத்தில் அவர்கள் இல்லை. முழுப் பணமும் கட்டுகிறார்கள். 2025-26-இல் வீட்டு மின்சாரம் யூனிட் 6 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வரியும் மற்றவையும் சேர்ந்தால் ஆறரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேயே ஆகிறது. கணக்குக்கு ஆறரை என்று வைத்துக்கொள்ளலாம். இது போக, யூனிட்டே செலவழிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் ஒன்று உண்டு. சோலார் போட்டாலும் அது போகாது. "பில் ஜீரோ" என்று நோட்டீசில் போடுகிறவர்கள் இந்த வரியைப் போடுவதில்லை.

தகடு எப்படி வேலை செய்கிறது?

மாடியில் வெந்நீர் போடும் சோலார் வேறு. அது வெயிலின் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மின்சாரம் தரும் சோலார் தகட்டுக்கு வேண்டியது சூடு அல்ல, வெளிச்சம். தகட்டில் சிலிக்கன் என்ற பொருள் இருக்கிறது. அதன் மேல் வெளிச்சம் பட்டால் மின்சாரம் உண்டாகும். இது பேட்டரியில் வருவதைப் போன்ற மின்சாரம். வீட்டு ஃபேனும் மிக்சியும் ஓட அதை மாற்ற வேண்டும். மாற்றிக்கொடுக்கும் பெட்டியின் பெயர் இன்வெர்ட்டர். கடையில் பேட்டரியோடு சேர்த்து விற்கிறார்களே, அந்த இன்வெர்ட்டர் அல்ல இது. பெயர் ஒன்று, வேலை வேறு.

பகலில் தகடு மின்சாரம் தருகிறது. வீட்டுக்கு வேண்டியதை வீடு எடுத்துக்கொள்ளும். மிச்சம் தெருக் கம்பிக்குப் போகும். இரவில் தகடு தூங்கும். அப்போது வீடு கம்பியிலிருந்து வாங்கிக்கொள்ளும். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டையும் எழுதிக்கொள்ளும் மீட்டருக்கு நெட் மீட்டர் என்று பெயர். வந்ததில் போனதைக் கழித்து மீதிக்குத்தான் பில்.

ஒரு கிலோவாட் தகடு நம் நாட்டின் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மாதம் 120 யூனிட். இது வருஷச் சராசரி. மழை மூட்டத்தில் குறையும், வெயில் காலத்தில் கூடும்.

மூன்று ஆசைகள்

தாத்தா பேப்பரும் பேனாவும் எடுத்தார்.

"முதல் ஆசை, கரண்ட் விக்கிறது. மேரி, உனக்கு மாசம் 95 யூனிட் வேணும். தகடு 120 தரும். மிச்சம் எவ்வளவு?"

"இருபத்தஞ்சு."

"நாம வாங்குற விலைக்கு அவங்க நம்மகிட்ட வாங்க மாட்டாங்க. குறைச்சுத்தான் தருவாங்க. மூணு ரூபான்னே வச்சுக்க."

"எழுபத்தஞ்சு ரூபாய் தாத்தா."

"இப்ப 45,000-ஐ 75-ஆல வகுத்துப் பாரு."

மேரி வகுத்தார். 600 வந்தது. 600 மாதம். ஐம்பது வருஷம்!

"தகடு உழைக்கிறதே இருபத்தஞ்சு வருஷம்தாம்மா" என்றார் தாத்தா. சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்படியானால் அந்த 95 யூனிட்டின் லாபம் எங்கே போனது? அதற்கு ஏற்கெனவே அரசாங்கம் பணம் கட்டுகிறது. தகடு போட்டாலும் மேரியின் பையில் புதிதாக எதுவும் விழாது.

"ரெண்டாவது ஆசை, கரண்ட் போனா லைட் எரியும்னு சொன்னானே. பேட்டரி இருக்கான்னு கேட்டியா?"

"இல்லை தாத்தா."

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கம்பியோடு இணைத்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். நடுப்பகலில் வெயில் கொளுத்தினாலும் நிற்கும். இது பழுது அல்ல. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். தெருவில் கரண்டை நிறுத்திவிட்டு லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறார். அந்த நேரத்தில் நம் மாடியிலிருந்து கம்பிக்குக் கரண்ட் போனால் அவர் உயிர் போய்விடும். அதனால் கம்பியில் கரண்ட் இல்லை என்று தெரிந்த நொடியே இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்கிறது.

சுரங்கத்தில் எத்தனையோ முறை கம்பியைத் தொட்டு வேலை பார்த்தவர் தாத்தா. இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கனமானது. "நம்ம வீட்டு லைட்டுக்காக இன்னொருத்தன் வீட்டு விளக்கு அணையக் கூடாதும்மா" என்றார்.

கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரி சேர்ந்த சோலார் வேண்டும். அதற்குச் செலவு கூடும். தகடு இருபத்தைந்து வருஷம் உழைக்கும். பேட்டரி அப்படி அல்ல, சில வருஷங்களில் மாற்ற வேண்டும். பிகார் மாநிலம் ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்ணாய் என்று ஒரு கிராமம். பல வருஷம் கரண்டே இல்லாமல் இருந்த ஊர். 2014-இல் ஒரு தொண்டு நிறுவனம் அங்கே ஊர் முழுவதற்கும் சேர்த்து 100 கிலோவாட் சோலார் அமைத்தது. நாடே பேசியது. ஆனால் சில வருஷங்களில் பேட்டரிகள் செத்துப்போயின. மாற்ற ஆள் இல்லை, பணம் இல்லை. அதற்குள் அரசாங்கக் கம்பியும் ஊருக்குள் வந்துவிட்டது. அந்தக் கரண்ட் விலையும் குறைவு. சோலார் இருந்த இடம் கடைசியில் மாடு கட்டும் இடமானது.

குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் மோதேரா என்ற ஊர் இருக்கிறது. பழைய சூரியன் கோயில் உள்ள ஊர். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் மாடியில் சோலார் தகடுகள் போட்டார்கள். இரவும் பகலும் சூரிய மின்சாரத்தில் வாழும் ஊர் என்று 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். அங்கே வீட்டுத் தகடுகள் எல்லாம் தெருக் கம்பியோடு இணைந்தவை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் பேட்டரியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

"ஸ்டெல்லா படிக்க ஒரு லைட்தானே வேணும்? அதுக்கு எதுக்கு மாடி முழுக்க சோலார்? கரண்ட் போனாலும் மூணு நாலு மணி நேரம் எரியிற சார்ஜ் பல்பு கடையில இருக்கு. சில நூறு ரூபாய்தான்" என்றார் தாத்தா.

மூன்றாவது விஷயம், இலவசம் நின்றுபோனால்? இது ஆசை அல்ல, பயம். நியாயமான பயம். அன்றைக்கு மேரி 95 யூனிட்டுக்கு மாதம் 617 ரூபாய் கட்ட வேண்டிவரும். அப்போது 45,000 ரூபாய் ஆறு வருஷத்தில் திரும்பிவிடும். அந்த நிலையில் சோலார் நல்ல கணக்குதான். மானியமும் என்றென்றும் இருக்காது. மத்திய அரசின் இந்தத் திட்டத்துக்கு 2026-27 நிதியாண்டு வரைதான் காலம் வைத்திருக்கிறார்கள். இலவச யூனிட் எத்தனை நாள், மானியம் எத்தனை நாள் என்று யாரும் மேரிக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் ஸ்டெல்லாவின் ஃபீஸ் ஜூலையில் என்பது உறுதி.

மேரி நோட்டீசை மடித்து வைத்தார். "என் கணக்கு முடிஞ்சுது தாத்தா. அக்கா கணக்கைப் பார்க்கலாம்."

சரோஜா வீட்டுக் கணக்கு

சரோஜாவுக்கு அந்த இளைஞர் எழுதிக் கொடுத்தது 3 கிலோவாட். மொத்தம் 2,10,000 ரூபாய்.

மத்திய அரசின் திட்டத்துக்குப் பெயர் பிரதமர் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம். 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளுக்குச் சோலார் என்பது இலக்கு. முதல் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். இரண்டாவதுக்கும் 30,000. மூன்றாவதுக்கு 18,000தான். ஆக 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் 78,000 ரூபாயோடு நின்றுவிடும்.

3 கிலோவாட் மாதம் 360 யூனிட் தரும். சரோஜா வீட்டுக்கு வேண்டியது 290. மிச்சம் 70 யூனிட்டைக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும். அதிகச் செலவு, குறைந்த வரவு. 2 கிலோவாட் போட்டால் 240 யூனிட் வரும். அத்தனையும் ஆறரை ரூபாய் யூனிட்டை மிச்சப்படுத்தும். விற்கிறவருக்குப் பெரியதாக விற்றால் லாபம். வாங்குகிறவருக்கு அளவாக வாங்கினால் லாபம்.

சரோஜாவின் மருமகன் இன்னும் இரண்டு கம்பெனிகளிடம் விலை கேட்டு வந்தார். 2 கிலோவாட்டுக்கு ஒருவர் 1,50,000 என்றார். இன்னொருவர் 1,35,000. இரண்டாவது ஆளின் விலைப்படி மானியம் 60,000 போகக் கைக்காசு 75,000. மாதம் மிச்சம் 240-ஐ ஆறரையால் பெருக்கினால் 1,560 ரூபாய். 75,000-ஐ 1,560-ஆல் வகுத்தால் 48 மாதம். நாலு வருஷம். கடன் வாங்கினால் வட்டியும் சேர்ந்து ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்ற நேரலாம், அதற்கும் கொஞ்சம் எடுத்துவைக்க வேண்டும். அதெல்லாம் போனாலும் மீதி வருஷங்கள் லாபம்தான்.

"அப்போ நான் போடலாம், மேரி போட வேணாமா? ஒரே தெருதானே தாத்தா?" என்றார் சரோஜா.

"தெரு ஒண்ணு. பில் ரெண்டு."

தாத்தா இன்னொன்றும் கேட்டார். "கீசர் தினமும் எவ்வளவு நேரம் ஓடுது?" ஒரு மணி நேரம் என்றார் சரோஜா. 2,000 வாட் கீசர். நாளுக்கு 2 யூனிட், மாதம் 60 யூனிட். 290-இல் 60 வெறும் குளியலுக்கே போகிறது! அதைப் பாதியாகக் குறைத்தால் 30 யூனிட் மிச்சம். இதற்கு மானியமும் வேண்டாம், கடனும் வேண்டாம். சோலார் போட நினைக்கிற வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சோலார் கம்பெனிக்காரர் இதைச் சொல்லித்தர வர மாட்டார்.

கூரை யாருடையது?

மறுநாள் மாலை தாத்தா சரோஜா வீட்டு மாடிக்கு ஏறினார். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். இரண்டுக்கு 200. இடம் இருந்தது. ஆனால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பாதி மாடியில் விழுந்தது. தகடுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மற்றவற்றின் வேலையும் குறையலாம். காலை, நடுப்பகல், மாலை மூன்று நேரமும் நிழல் எங்கே விழுகிறது என்று சரோஜாவின் பேரன் சாக்பீஸால் கோடு போட்டான். நிழல் படாத தெற்குப் பக்கம் முடிவானது. நம் நாட்டில் தகடு தெற்குப் பார்த்துச் சாய்ந்திருப்பது நல்லது.

முனியம்மாப் பாட்டிக்கும் ஆசை வந்தது. அவர் இருப்பது சுரங்கக் கம்பெனி காலத்து லைன் வீடு. பத்திரம் அவர் பெயரில் இல்லை. கூரையும் பழைய ஷீட். மானியம் வேண்டுமென்றால் சொந்த வீடு வேண்டும், தகடு தாங்கும் கூரை வேண்டும், மின் இணைப்பு வேண்டும். பழைய ஷீட் கூரை மேல் தகட்டை வைத்தால் காற்றடிக்கும் நாளில் கூரையும் போகும், தகடும் போகும். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் இதே கதைதான். வீட்டுக்காரர் போட்டால் உண்டு.

"எனக்கு வீட்டுப் பத்திரமே வந்து சேரல. கரண்ட் பத்திரம் எங்க வரப்போவுது?" என்று பாட்டி எழுந்து போனார்.

கையெழுத்துக்கு முன்

அந்த இளைஞர் மறுபடி வந்தபோது சரோஜாவின் மருமகனும் மேரியும் வாசலில் இருந்தார்கள்.

"தம்பி, உங்க கம்பெனி பேரு அரசாங்க இணையதளத்துல பதிவான லிஸ்ட்ல இருக்கா?" என்று மேரி கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி. "மானியப் பணம் யார் கணக்குக்கு வரும்?"

மானியம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதுவும் முன்கூட்டி வராது. இணையதளத்தில் விண்ணப்பம் போட்டு, பதிவான கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, தகடு மாட்டி, பெஸ்காம் ஆட்கள் வந்து பார்த்து, நெட் மீட்டர் பொருத்திய பிறகுதான் வரும். அதனால் முதலில் முழுத் தொகைக்கும் வழி பார்த்துக்கொள்ள வேண்டும். 3 கிலோவாட் வரை பொதுத்துறை வங்கிகள் இதற்கென்று குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. நகையோ பத்திரமோ அடமானம் கேட்பதில்லை. ஐந்து வட்டிக்கு வெளியில் வாங்கி சோலார் போட்டால் சூரியன் உழைப்பது வட்டிக்காரருக்குத்தான்.

"நாளைக்குள் கட்ட வேண்டும்" என்பது பொய். திட்டத்துக்குக் கடைசி வருஷம் உண்டு, கடைசி நாள் நாளை அல்ல.

மானியம் வேண்டுமென்றால் தகடு இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டுகள் உட்பட. தகட்டுக்கு எத்தனை வருஷ உத்தரவாதம், இன்வெர்ட்டருக்கு எத்தனை என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். ஐந்து வருஷம் பராமரிப்பு கம்பெனியின் பொறுப்பு. அதையும் எழுத்தில் வாங்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னது பைக்கோடு போய்விடும். இடிதாங்கியும் எர்த் கம்பியும் அந்த விலையில் சேர்ந்ததா, தனியா? கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் மின்வாரியத்தின் 1912 எண்ணில் விசாரிக்கலாம்.

அந்த இளைஞர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மூன்றாவதுக்கு, "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்கா" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் மாத இலக்கு இருக்கிறது. ஆனால் அவர் இலக்குக்காக மேரியின் சீட்டுப் பணம் போகக் கூடாது.

தூசியும் தண்ணீரும்

சரோஜா வீட்டில் 2 கிலோவாட் போட்டார்கள். விலை குறைவாகச் சொன்ன கம்பெனியைத்தான் எடுத்தார்கள். அதற்கு முன் அந்தக் கம்பெனி வேறு தெருவில் ஒரு வருஷம் முன்பு போட்ட வீட்டுக்குப் போய், "கூப்பிட்டா வர்றாங்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள். விலையைவிட முக்கியமான கேள்வி அது.

தங்கவயலுக்கு என்று ஒரு தொல்லை உண்டு. சுரங்கத்திலிருந்து எடுத்துத் தங்கம் பிரித்த மண், மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. சயனைட் மேடு என்று சொல்வார்கள். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் ஊர் முழுக்கப் பறக்கிறது. பாத்திரத்தில், துணியில், மாடியில் எல்லாம் படியும். தகட்டில் படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. மின்சாரம் குறையும்.

அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தகட்டைக் கழுவ வேண்டும். அதிகாலையில் அல்லது சாயங்காலம். நடுப்பகலில் கூடாது. கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம். மெல்லிய துணியும் தண்ணீரும் போதும். சோப்புத் தூள், கம்பி பிரஷ் வேண்டாம். தகட்டின் மேல் கால் வைக்கக் கூடாது. துணி காயப்போடவும் கூடாது. வீட்டுக் கொடியை வேறு பக்கம் மாற்றுவதற்குள் சரோஜா வீட்டில் பெரிய சண்டையே நடந்தது.

மாதா மாதம் இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டை சரோஜாவின் பேரன் காலண்டரில் எழுதுகிறான். முதல் முழு மாதம் 236. அடுத்த மாதம் 190 என்று குறைந்தது. மாடி ஏறிப் பார்த்தார்கள். ஒரு தகடு முழுக்கப் புறா எச்சம். எழுதி வைக்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

மேரி தன் வீட்டுக்கு இரண்டு சார்ஜ் பல்பு வாங்கினார். 45,000 ரூபாயும் வங்கியில் இருக்கிறது. மேரியும் தன் மாத யூனிட்டைக் காலண்டரில் எழுதத் தொடங்கியிருக்கிறார். 99-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டின் பழைய கரண்ட் பில்களை எடுங்கள். எத்தனை மாதத்துக்குக் கிடைக்கிறதோ அத்தனை யூனிட்டையும் கூட்டி, மாதச் சராசரி கண்டுபிடியுங்கள். அதில் எத்தனை யூனிட்டுக்கு நீங்கள் உண்மையில் பணம் கட்டுகிறீர்கள்?

ஒரு வீட்டில் மாதம் 130 யூனிட் செலவாகிறது. எல்லாவற்றுக்கும் பணம் கட்டுகிறார்கள். யூனிட் 7 ரூபாய். 1 கிலோவாட் சோலாருக்கு மானியம் போக 42,000 ரூபாய் ஆகும். தகடு மாதம் 120 யூனிட் தரும். போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும்?

உங்கள் மாடியில் காலை 9 மணி, பகல் 12 மணி, மாலை 3 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று படம் வரையுங்கள்.

வகுப்பில் பேசுங்கள்: மேரியின் இடத்தில் நீங்கள் இருந்தால், மானியம் முடிவதற்குள் கடன் வாங்கியாவது போட்டிருப்பீர்களா?